கைக்கு வராத ராணுவப் பதக்கத்தைக் கேட்டு வாங்குவது எப்படி? முன்னாள் படைவீரருக்கும் குடும்பத்தாருக்கும் முழு வழிகாட்டி

ராணுவத்தில் யூனிட் ஆபீஸ் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவன் நான். ஊருக்கு வந்த பிறகு, அக்கம்பக்கத்து முன்னாள் படைவீரர்களுக்கு பென்ஷன் காகிதம் எழுதிக் கொடுக்கும் வேலை தானாக வந்து சேர்ந்தது. வருகிறவர்களில் பலர், பென்ஷன் வேலை முடிந்து எழுந்திருக்கும்போதுதான் இந்தக் கேள்வியைக் கேட்பார்கள்: "எழுபத்தொண்ணுல நான் பார்டர்ல இருந்தேன் தம்பி. மெடல் வரவே இல்லை. இப்போ கேட்டா குடுப்பாங்களா?"

தகுதி இருந்து, காகிதத்தில் அதற்கு ஒரு தடமும் இருந்தால், கேட்கலாம். ஆனால் பெரும்பாலானவர்கள் கேட்கும் வரிசையில் தடுக்கி விழுகிறார்கள். தான் பட்ட கஷ்டத்தை மூன்று பக்கம் எழுதி டெல்லிக்கு அனுப்பிவிட்டு, பதில் வரவில்லை என்று உட்கார்ந்துவிடுகிறார்கள். பதக்கம் கொடுக்கும் இடத்தில் இருப்பவர் பார்ப்பது ஒன்றைத்தான்: இவர் பெயருக்கு எதிரே பதிவு இருக்கிறதா, இல்லையா. அதனால் முதலில் பதிவைத் தேட வேண்டும், பிறகு பதிவைச் சரிசெய்யக் கேட்க வேண்டும், கடைசியில்தான் பதக்கத்தைக் கேட்க வேண்டும்.

இந்த வழிகாட்டி சேவைப் பதக்கங்களுக்கு மட்டும்தான். அதாவது, குறிப்பிட்ட காலத்தில் குறிப்பிட்ட இடத்தில் பணியில் இருந்த எல்லோருக்கும் உரிய சர்வீஸ் மெடல்கள். வீர் சக்ரா, சேனா மெடல் போன்றவை மேலதிகாரியின் பரிந்துரையில் வருபவை. அவற்றை இந்த வழியில் கேட்டால் காலம்தான் வீணாகும்.

1. உங்கள் குறை எந்த வகை என்று முதலில் பிரியுங்கள்

டிஸ்சார்ஜ் புத்தகத்தை எடுத்து, பதக்கங்கள் எழுதியிருக்கும் பகுதியைத் திறங்கள். குறை மூன்று வகை. வெளியிலிருந்து பார்த்தால் மூன்றுமே "மெடல் இல்லை" என்றுதான் தெரியும். உள்ளே மூன்றும் வேறு வேறு.

முதல் வகை: புத்தகத்தில் பதக்கத்தின் பெயர் இருக்கிறது, பதக்கம் கைக்கு வரவில்லை. இது சுலபமானது. தகுதி ஏற்கெனவே ஒப்புக்கொள்ளப்பட்டுவிட்டது, வழங்குவதுதான் பாக்கி.

இரண்டாம் வகை: புத்தகத்திலேயே இல்லை. இங்கே பதக்கத்தைக் கேட்டுப் பயனில்லை. விட்டுப்போன பதிவைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

மூன்றாம் வகை: வாங்கினீர்கள், தொலைந்துவிட்டது அல்லது திருடு போய்விட்டது. இது நகல் பதக்கம் கேட்பது. இதற்குக் காவல் நிலையத்தில் கொடுத்த புகாரின் நகல், பிரமாணப் பத்திரம், பதக்கத்தின் விலை எல்லாம் வேண்டியிருக்கும். தொலைத்ததை "வரவே இல்லை" என்று எழுதிவிடாதீர்கள். வழங்கிய பதிவு அங்கே இருந்தால் உங்கள் மற்றக் கோரிக்கைகளையும் சந்தேகத்தோடு பார்ப்பார்கள்.

ஒரு ஓய்வுபெற்ற நாயக், நகைக்கடைத் துணிப்பையில் சுற்றி வைத்திருந்த டிஸ்சார்ஜ் புத்தகத்தோடு வந்தார். குடியரசு தினத்துக்கு அணிந்துபோகும் பதக்க வரிசையும் அந்தப் பைக்குள்ளேயே இருந்தது. "எல்லாம் இருக்கு, ஒண்ணுதான் வரலை" என்றார். ஒவ்வொரு பதக்கமாக எடுத்து விளிம்பைத் திருப்பிப் பார்த்தேன். அசல் பதக்கத்தின் விளிம்பில் எண், ரேங்க், பெயர் பொறித்திருக்கும். அவருடைய நான்கில் மூன்றின் விளிம்பு வெறும் வழுவழுப்பாக இருந்தது. யூனிட் டெய்லர் கடையில் காசு கொடுத்து வாங்கிக் கோத்த காப்பி அவை. பரேடுக்கு அவசரமாக வேண்டும் என்று வாங்கி, அதுவே அசல் என்று 30 ஆண்டுகளாக நினைத்திருக்கிறார். புத்தகத்தில் நான்குமே பதிவாகியிருந்தன. ஒன்றைக் கேட்க வந்தவர் மூன்றையும் சேர்த்துக் கேட்க வேண்டியிருந்தது, ஆக மொத்தம் நான்கு அசல் பாக்கி.

ஆகவே விளிம்பைப் பாருங்கள். பூதக்கண்ணாடி இருந்தால் நல்லது. பழைய பொறிப்பு தேய்ந்திருக்கும்.

2. பதிவு எப்படி விட்டுப்போகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

இதைத் தெரிந்துகொண்டால் உங்கள் கடிதம் பாதியாகச் சுருங்கும், இரு மடங்கு வேலை செய்யும்.

ஜே.சி.ஓ.க்களுக்கும் (நாயப் சுபேதார் முதலான ஜூனியர் கமிஷன்டு ஆபீஸர்கள்) ஜவான்களுக்கும் சர்வீஸில் நடக்கும் ஒவ்வொன்றையும், அதாவது லீவு, புரமோஷன், திருமணம், குழந்தை, பதக்கத் தகுதி எல்லாவற்றையும், யூனிட் 'பார்ட் டூ ஆர்டர்' என்ற உத்தரவில் வெளியிடும். அது உங்கள் ரெஜிமென்டின் சர்வீஸ் ஆவணங்களை வைத்திருக்கும் ரெக்கார்டு ஆபீஸுக்குப் போகும். அங்கே உங்கள் ஷீட் ரோலில் ஏறும். ஷீட் ரோல்தான் உங்கள் சர்வீஸின் மூல ஆவணம். டிஸ்சார்ஜ் புத்தகம் அதைப் பார்த்து எழுதப்பட்டது. பார்ட் டூ ஆர்டர் வெளியாகவில்லை என்றால் ஷீட் ரோலில் இருக்காது. ஷீட் ரோலில் இல்லை என்றால், ரெக்கார்டு ஆபீஸைப் பொறுத்தவரை அப்படி ஒரு தகுதியே உங்களுக்குக் கிடையாது.

அது எங்கே விட்டுப்போகும்? நான் பார்த்தவரை நான்கைந்து இடங்கள்தான்.

வேறு யூனிட்டோடு அட்டாச்மென்டில், அதாவது தற்காலிகமாகச் சேர்க்கப்பட்டு, இருந்தவர்கள்தான் அதிகம் விடுபடுகிறார்கள். தாய் யூனிட், "அங்கே இருந்தான், அவர்கள் போடுவார்கள்" என்று விட்டுவிடும். அட்டாச் ஆன யூனிட், "நம் ஆள் இல்லை" என்று விட்டுவிடும். அப்புறம், பெயர்ப்பட்டியல் எடுத்த நாளில் கோர்ஸில் இருந்தவர்கள், லீவில் இருந்தவர்கள், அடிபட்டு மருத்துவமனையில் கிடந்தவர்கள். பதக்கம் அறிவிப்பாகி, யூனிட் பட்டியல் அனுப்பி, பதக்கம் தயாராகி வருவதற்குள் சர்வீஸ் முடிந்து ஊருக்கு வந்துவிட்டவர்கள் இன்னொரு கூட்டம். பட்டியல் போன நேரத்தில் போஸ்டிங் ஆகிப் போனவர்களும் உண்டு.

உங்கள் கதை இதில் எது என்று யோசித்துப் பாருங்கள். "1971 டிசம்பரில் இந்த யூனிட்டோடு அட்டாச்மென்டில் இருந்தேன், பார்ட் டூ ஆர்டர் வெளியாகாமல் போயிருக்கலாம்" என்ற ஒரு வரி, எங்கே தேட வேண்டும் என்று ரெக்கார்டு ஆபீஸ் கிளார்க்குக்குக் கைகாட்டிவிடும்.

3. காகிதங்களைத் திரட்டுங்கள்

கடிதம் எழுதும் முன்பே இவை கையில் இருக்க வேண்டும்: டிஸ்சார்ஜ் புத்தகத்தின் எல்லாப் பக்கங்களின் நகல், பி.பி.ஓ. (பென்ஷன் வழங்கும் உத்தரவு) நகல், முன்னாள் படைவீரர் அடையாள அட்டை, ஆதார், இப்போதைய முகவரிக்கான சான்று.

பதக்கப் பக்கத்தை மட்டும் நகல் எடுத்து அனுப்பாதீர்கள். எந்தத் தேதியில் எந்த யூனிட்டில் இருந்தீர்கள் என்பது மற்றப் பக்கங்களில்தான் இருக்கும். அதில்லாமல் பதக்கப் பக்கம் எதையும் நிரூபிக்காது.

அசலை எக்காரணம் கொண்டும் தபாலில் அனுப்பாதீர்கள். ரெக்கார்டு ஆபீஸ் அசலைக் கேட்டால், கேட்ட கடிதத்தைப் பத்திரப்படுத்தி, எல்லாப் பக்கங்களையும் நிறத்தில் ஸ்கேன் செய்து வைத்துக்கொண்டு, அதன்பிறகு அனுப்புங்கள்.

பழைய பெட்டியையும் ஒருமுறை கிளறிப் பாருங்கள். மூவ்மென்ட் ஆர்டர், லீவு சான்று, யூனிட் குரூப் போட்டோ, வீட்டுக்கு எழுதிய இன்லண்ட் லெட்டர். கடிதத்தில் '56 ஏ.பி.ஓ.' (ஏ.பி.ஓ. என்றால் ராணுவத் தபால் நிலையம்) என்று இருந்தால் மேற்கு, வடக்குப் பக்கம், '99 ஏ.பி.ஓ.' என்றால் கிழக்கு. கூடவே தபால் முத்திரையில் தேதி இருக்கும். ரெக்கார்டு ஆபீஸ் இதைத் தகுதிச் சான்றாக எடுத்துக்கொள்ளாது. ஆனால் "எந்த மாசம் அஸ்ஸாமுக்குப் போனோம்?" என்று தடுமாறும் 75 வயதுக்காரருக்கு அந்த முத்திரை பெரிய உதவி. அவர் அனுப்பிய கடிதங்களை மனைவி கட்டி வைத்திருந்த வீடுகளில், நாங்கள் தேதியைக் கண்டுபிடித்தது அப்படித்தான்.

4. ஒரே தாளில் இடமும் காலமும்

ஒரு முழுத்தாளை எடுத்து நான்கு பத்தி பிரியுங்கள்: எந்த மாதத்திலிருந்து, எந்த மாதம் வரை, எந்த யூனிட், எந்த இடம். சேர்ந்த நாளிலிருந்து வெளியே வந்த நாள் வரை இடைவெளி இல்லாமல் நிரப்புங்கள். டிரெய்னிங், கோர்ஸ், அட்டாச்மென்ட், மருத்துவமனை எல்லாம் தனித்தனி வரியாக வர வேண்டும்.

புதிதாக எழுதுகிறவர்கள் இந்த இடத்தில் தாவுகிறார்கள். பதக்கத்தின் பெயரை முதலில் பிடித்துக்கொண்டு, அதற்கு ஏற்றாற்போல் தேதியை நினைவுபடுத்தப் பார்க்கிறார்கள். அப்படிச் செய்தால் நினைவு ஏமாற்றும். தேதியை டிஸ்சார்ஜ் புத்தகத்திலிருந்து எடுத்து முதலில் எழுதுங்கள். நினைவில் மட்டும் இருக்கும் தேதிக்குப் பக்கத்தில் 'நினைவிலிருந்து' என்று குறித்துவையுங்கள். ஷீட் ரோலோடு பொருந்தாத ஒரு தேதியை அடித்துச் சொல்லிவிட்டால், சரியாகச் சொன்ன மற்றத் தேதிகளும் பலம் இழந்துவிடும்.

5. அந்தத் தாளைப் பதக்கங்களோடு பொருத்துங்கள்

ஆகஸ்ட் 15-இல் தொடங்குங்கள். 1972, 1997, 2022 ஆகிய மூன்று ஆண்டுகளில் ஆகஸ்ட் 15 அன்று சர்வீஸில் இருந்தவர்களுக்கு, சுதந்திரத்தின் 25-ஆம், 50-ஆம், 75-ஆம் ஆண்டுப் பதக்கங்கள் உண்டு. போர்முனை, இடம் எதுவும் பார்க்க வேண்டியதில்லை. நிரூபிக்க ஒரே ஒரு தேதி போதும். போர்ப் பதக்கத்தைத் தேடி அலைகிறவர்கள் இதைக் கவனிப்பதே இல்லை.

அடுத்தது நீண்ட சேவைப் பதக்கங்கள்: 9 ஆண்டு, 20 ஆண்டு, 30 ஆண்டு. 20 ஆண்டுப் பதக்கம் வந்தால் 9 ஆண்டுப் பதக்கம் போய்விடாது. இரண்டையும் அணியலாம். 17 வருடத்தில் ஓய்வு பெற்றவர்கள் 9 ஆண்டுப் பதக்கம் பதிவாகியிருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள்.

இனிப் போர்கள். 1965 போருக்கு சமர் சேவா ஸ்டார், ரக்ஷா மெடல். 1971 போருக்குக் கிழக்கு முனையில் பூர்வி ஸ்டார், மேற்கு முனையில் பஸ்சிமி ஸ்டார். சங்ராம் மெடலும் 1971-ஐச் சேர்ந்ததுதான், ஆனால் நேரடிப் போர்முனையைவிட அது எட்டும் எல்லை பெரியது. 1971 டிசம்பரில் எல்லை மாநிலங்களில் பின்னணி வேலையில், அதாவது சப்ளை, ஒர்க்‌ஷாப், சிக்னல் என்று இருந்தவர்கள் "நான் சண்டை போடலையே" என்று கேட்காமலே விட்டுவிடுகிறார்கள். கேளுங்கள். 1999 கார்கிலுக்கு ஆபரேஷன் விஜய் ஸ்டார், ஆபரேஷன் விஜய் மெடல் என்று இரண்டு. 2001 டிசம்பருக்குப் பின் எல்லையில் படை குவிந்ததற்கு ஆபரேஷன் பராக்ரம் மெடல்.

போர் இல்லாத காலத்துப் பதக்கங்களில்தான் நிறைய விட்டுப்போகின்றன. கடினமான இடங்களில் செய்த பணிக்கு சைன்ய சேவா மெடல். அதில் ஜம்மு காஷ்மீர், நேஃபா (இன்றைய அருணாச்சலப் பிரதேசம்), ஹிமாலயா, அந்தமான் நிகோபார், மருஸ்தல் (பாலைவனம்) என்று இடத்துக்கு ஒரு கிளாஸ்ப், அதாவது ரிப்பனில் குத்தும் உலோகப் பட்டை உண்டு. நாகாலாந்து, மிசோ மலைகள் போன்ற இடங்களில் உள்நாட்டு நடவடிக்கைக்கு, காலத்தைப் பொறுத்து ஜெனரல் சர்வீஸ் மெடல் 1947 அல்லது சாமான்ய சேவா மெடல் 1965. உயரமான இடங்களுக்கு ஹை ஆல்டிட்யூட் மெடல். 1984 ஏப்ரலுக்குப் பிறகு சியாச்சினில் இருந்தவர்களுக்கு சியாச்சின் கிளேசியர் மெடல். வெளிநாட்டுப் பணிக்கு விதேஷ் சேவா மெடல். 1987 முதல் 1990 வரை அமைதிப்படையில் இலங்கைக்குப் போனவர்கள் 'ஆபரேஷன் பவன்' என்று தாளில் தனி வரியாகக் குறியுங்கள். அந்தக் காலத்துக்கு என்னென்ன தகுதி என்று ரெக்கார்டு ஆபீஸிடம் வெளிப்படையாகவே கேளுங்கள். எதிரியின் தாக்குதலில் காயம்பட்டவர்களுக்கு வூண்ட் மெடல் தனி. அதற்கு மருத்துவமனைக் காகிதமும் காயத்தைப் பற்றிய பதிவும் வேண்டும்.

இரண்டு தவறுகளை மட்டும் செய்யாதீர்கள். ஒன்று, ஒரே பதக்கத்தை இரண்டு முறை கேட்பது. ஜம்மு காஷ்மீரிலும் இருந்தேன், அப்புறம் நேஃபாவிலும் இருந்தேன் என்றால் இரண்டு சைன்ய சேவா மெடல் வராது. பதக்கம் ஒன்றுதான், இரண்டாவது இடத்துக்குக் கிளாஸ்ப் வரும். இரண்டு, நாள் கணக்கைப் பார்க்காமல் கேட்பது. ஒவ்வொரு பதக்கத்துக்கும் அந்த இடத்தில் எத்தனை நாள் இருந்திருக்க வேண்டும் என்று கணக்கு உண்டு. லடாக்கில் உள்ள லே நகருக்கு ஒரு வாரம் கான்வாயில் போய் வந்ததை வைத்துக் கேட்டால் மறுத்துவிடுவார்கள்.

6. எண்ணையும் பெயரையும் சரிபாருங்கள்

ரெக்கார்டு ஆபீஸில் உங்களைத் தேடுவது எண்ணை வைத்துத்தான். எண்ணின் கடைசியில் இருக்கும் ஆங்கில எழுத்தையும் சேர்த்து எழுதுங்கள். எண்ணில் தவறு இருந்தால் காட்டிக்கொடுக்கும் எழுத்து அது.

ஜவானாகச் சேர்ந்து நாயப் சுபேதார் ஆனவர்களுக்கு 'ஜே.சி.' என்று தொடங்கும் புது எண் வந்திருக்கும். இரண்டு எண்களையும் எழுத வேண்டும். 1971-இல் நீங்கள் லான்ஸ் நாயக் என்றால், அன்றைய பார்ட் டூ ஆர்டர் பழைய எண்ணில்தான் இருக்கும். ஓய்வுக்குப் பிறகு டி.எஸ்.சி.யில் (ராணுவ இடங்களைக் காவல் காக்கும் டிஃபென்ஸ் செக்யூரிட்டி கோர்) மறுபடி சேர்ந்தவர்களுக்கு அங்கே இன்னோர் எண் உண்டு. அதையும் எழுதுங்கள்.

பெயர் விஷயம் நம் ஊர்க்காரர்களுக்குத் தனித் தலைவலி. இங்கே கே. கணேசன், அங்கே கணேசன் கே, ஆதாரில் அப்பா பெயர் விரிந்து நிற்கும், சேர்ந்த அன்று யாரோ ஒரு கிளார்க் தன் காதில் விழுந்தபடி எழுதிய ஆங்கில எழுத்து வேறு. கடிதத்தில் டிஸ்சார்ஜ் புத்தகத்தில் எப்படி இருக்கிறதோ அப்படியே எழுதுங்கள், ஒரு எழுத்து மாறாமல். ஆதாரில் வேறு மாதிரி இருந்தால், இரண்டும் ஒருவரே என்று கடிதத்தில் ஒரு வரி சேருங்கள். பதக்கத்தின் விளிம்பில் பொறிக்கப்போவது ரெக்கார்டில் இருக்கும் பெயரைத்தான்.

7. சரியான ரெக்கார்டு ஆபீஸ்

கடிதம் போக வேண்டியது உங்கள் ரெஜிமென்ட் அல்லது கோரின் ரெக்கார்டு ஆபீஸுக்கு. மெட்ராஸ் ரெஜிமென்டுக்கு நீலகிரி வெல்லிங்டன். மெட்ராஸ் சாப்பர்ஸ் என்கிற எம்.இ.ஜி.க்கு பெங்களூரு. ஆர்ட்டிலரிக்கு நாசிக் ரோடு, சிக்னல்ஸுக்கு ஜபல்பூர், இ.எம்.இ.க்கும் (எலெக்ட்ரிக்கல், மெக்கானிக்கல் பழுதுபார்ப்புப் பிரிவு) ஆர்டினன்ஸுக்கும் செகந்திராபாத், ஏ.எம்.சி.க்கு (மருத்துவப் பிரிவு) லக்னோ, டி.எஸ்.சி.க்குக் கண்ணூர். விமானப்படைக்கு டெல்லி சுப்ரதோ பார்க், கடற்படை மாலுமிகளுக்கு மும்பை மான்கூர்டு. ராணுவ அதிகாரிகளின் ஆவணங்கள் டெல்லி தலைமையகத்தில் இருப்பதால், அவர்களுக்கு வழி வேறு.

நேராக ராணுவ அமைச்சருக்கோ பிரதமருக்கோ எழுதுவதால் வேகம் கூடாது. அந்தக் கடிதம் கை மாறி மாறி, கடைசியில் இதே ரெக்கார்டு ஆபீஸ் மேஜைக்குத்தான் வரும்.

டி.எஸ்.சி.யில் மறுபணி செய்தவர்கள், முதல் சர்வீஸின் பதக்கத்தைக் கண்ணூரில் கேட்டுக் காத்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். எந்தச் சர்வீஸில் தகுதி வந்ததோ, அந்த ரெக்கார்டு ஆபீஸுக்கு எழுதிவிட்டு மற்றதற்கு நகல் அனுப்புங்கள்.

8. கடிதம்

ஒரு பக்கம். அதற்கு மேல் வேண்டாம். ஆங்கிலத்திலோ ஹிந்தியிலோ இருக்கட்டும். ஆங்கிலம் வராது என்றால், மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் கேளுங்கள், உதவுவார்கள். உள்ளடக்கம் இந்த வரிசையில் போகட்டும்:

பொருள்: வழங்கப்படாத சேவைப் பதக்கங்கள். கீழே எண் (பழையது, புதியது), ரேங்க், பெயர், கடைசி யூனிட்.

முதல் பத்தி: "நான் இந்தத் தேதியில் சேர்ந்து இந்தத் தேதியில் ஓய்வு பெற்றேன். பி.பி.ஓ. எண் இது."

இரண்டாம் பத்தி: "இந்த மாதம் முதல் இந்த மாதம் வரை, இந்த யூனிட்டில், இந்த இடத்தில் பணியாற்றினேன். டிஸ்சார்ஜ் புத்தகத்தின் இத்தனையாம் பக்கம் பார்க்க."

மூன்றாம் பத்தி முதல் வகைக்கு: "கீழ்க்கண்ட பதக்கங்கள் என் டிஸ்சார்ஜ் புத்தகத்தில் பதிவாகியுள்ளன. அசல் பதக்கம் எனக்கு இதுவரை வழங்கப்படவில்லை." இரண்டாம் வகைக்கு: "கீழ்க்கண்ட பதக்கங்கள் பதிவாகவில்லை. என் ஷீட் ரோலையும் அந்தக் காலத்துப் பார்ட் டூ ஆர்டர்களையும் சரிபார்த்து, தகுதி இருந்தால் பதிவு செய்து, பதக்கத்தை வழங்கக் கேட்டுக்கொள்கிறேன்."

கடைசியில் முகவரி, செல்போன் எண், இணைப்புகளின் பட்டியல், கையெழுத்து. கையெழுத்து டிஸ்சார்ஜ் புத்தகத்தில் உள்ளதுபோல் இருக்கட்டும். இப்போது கை நடுங்கி வேறு மாதிரி வருகிறதென்றால், நல அலுவலகத்தில் சான்றொப்பம் வாங்கிவிடுங்கள்.

இரண்டு வகையும் உங்களுக்கு இருந்தால் இரண்டு கடிதம் எழுதுங்கள். ஒரே கடிதத்தில் கலந்தால், சுலபமாக வரக்கூடியதும் சிக்கலானதோடு சேர்ந்து காத்திருக்கும். பென்ஷன் குறை, கேன்டீன் கார்டு, மருத்துவ அட்டை எதையும் இதில் சேர்க்காதீர்கள். ரெக்கார்டு ஆபீஸில் ஒவ்வொன்றுக்கும் தனி செக்‌ஷன். கடிதம் ஒரு செக்‌ஷனில்தான் தங்கும்.

9. அனுப்புவதும் பின்தொடர்வதும்

மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலக உதவி இயக்குநர் வழியாக ஒரு பிரதியும், நேரடியாக ஸ்பீட் போஸ்டில் ஒரு பிரதியும் அனுப்புங்கள். நல அலுவலகக் கவரிங் லெட்டரோடு போகும் கடிதத்துக்கு அங்கே ஓர் எண் விழும். அந்த எண்ணைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

ஒரு நோட்டில் தேதி, ரசீது எண், பேசியவர் சொன்னது எல்லாம் எழுதிவையுங்கள். இரண்டு மாதத்தில் பதில் இல்லையென்றால் முதல் கடிதத்தின் நகலோடு நினைவூட்டல் அனுப்புங்கள். புதிதாகக் கதையை ஆரம்பிக்காதீர்கள். புதுக் கடிதம் என்றால் புதுக் கோப்பு, புதுக் காத்திருப்பு.

நினைவூட்டலுக்கும் பதில் இல்லையென்றால், மத்திய அரசின் சி.பி.கிராம்ஸ் குறைதீர் தளத்தில் பதிவு செய்யலாம். மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் முன்னாள் படைவீரர் சிறப்புக் குறைதீர் கூட்டத்திலும் மனு கொடுக்கலாம். பதக்கம் கொடுக்கும் அதிகாரம் ஆட்சியருக்கு இல்லை. ஆனால் அங்கிருந்து போகும் கடிதத்துக்குப் பதில் எழுத வேண்டிய கடமை வரும்.

முதல் முறை வழங்கப்படும் பதக்கத்துக்குக் கட்டணம் கிடையாது. "ரெக்கார்டு ஆபீஸில் ஆள் இருக்கிறார், மெடலுக்கு இவ்வளவு" என்று யாராவது வந்தால் நகலைக்கூடக் கொடுக்காதீர்கள்.

10. வரக்கூடிய பதில்களும் அடுத்து செய்ய வேண்டியதும்

"தகுதி உள்ளது, பதக்கம் இருப்பில் இல்லை." இது நல்ல பதில். தகுதி எழுத்தில் வந்துவிட்டது. அந்தக் கடிதத்தைப் பத்திரமாக வைத்து, ஆறு மாதத்துக்கு ஒருமுறை அதன் எண்ணைக் குறிப்பிட்டு எழுதுங்கள். முகவரி மாறினால் உடனே தெரிவியுங்கள். ஆள் வீடு மாறிவிட்டதால் திரும்பிப் போன பார்சல்கள் உண்டு.

"பார்ட் டூ ஆர்டர் வெளியாகவில்லை." இங்கேதான் பலர் தோற்றதாக நினைத்து விட்டுவிடுகிறார்கள். உண்மையில் எங்கே ஓட்டை என்று அவர்களே எழுதிக் கொடுத்துவிட்டார்கள். யூனிட் இன்னும் இருந்தால், அந்தப் பதில் கடிதத்தோடு கமாண்டிங் ஆபீஸருக்கு எழுதி, பழைய பதிவேட்டைப் பார்த்துச் சான்று தரக் கேளுங்கள். அதே காலத்தில், அதே யூனிட்டில், அதே கம்பெனியில் இருந்து அதே பதக்கம் வாங்கிய தோழரின் டிஸ்சார்ஜ் புத்தக நகலை அவர் சம்மதத்தோடு இணையுங்கள். யூனிட் அங்கே இருந்தது, அந்த யூனிட்டுக்குப் பதக்கம் உண்டு என்ற இரண்டும் அதில் நிரூபணமாகிவிடும். அதன்பிறகு, நீங்கள் அந்த யூனிட்டில் இருந்தீர்கள் என்பதை மட்டும் காட்டினால் போதும். அது உங்கள் புத்தகத்திலேயே இருக்கிறது.

"தகுதி இல்லை." எந்த நிபந்தனையின்படி இல்லை என்று கேட்டு எழுதுங்கள். நாள் போதவில்லை என்றால் உங்கள் தாளை எடுத்து நாட்களை எண்ணுங்கள். கணக்கு அவர்கள் பக்கம் சரியென்றால் விட்டுவிடுவதுதான் நியாயம்.

"ஆவணங்கள் அழிக்கப்பட்டுவிட்டன." பென்ஷன் இல்லாமல் வெளியே வந்தவர்களின் சர்வீஸ் ஆவணங்களை 25 ஆண்டுகளுக்குப் பிறகு அழிப்பது வழக்கம். ஆனால் 'லாங் ரோல்' என்ற பதிவேடு இருக்கும். அதில் உங்கள் எண்ணும், சேர்ந்த தேதியும், வெளியேறிய தேதியும் கிடைக்கும். லாங் ரோலைப் பார்க்கும்படி கேளுங்கள். இந்த நிலையில் உங்கள் டிஸ்சார்ஜ் புத்தகம்தான் மிச்சமிருக்கும் ஒரே முழு ஆவணம். அதனால்தான் அசலைக் கையை விட்டு அனுப்ப வேண்டாம் என்று மேலே அழுத்திச் சொன்னேன்.

11. ஆர்.டி.ஐ. எப்போது, எதற்கு

ஆர்.டி.ஐ. (தகவல் அறியும் உரிமைச் சட்டம்) பதக்கம் கேட்கும் மனு இல்லை, காகிதம் கேட்கும் மனு. "எனக்கு ஏன் மெடல் தரவில்லை?" என்று கேட்டால் அது தகவல் அல்ல என்று திருப்பிவிடுவார்கள். இப்படிக் கேளுங்கள்: என் ஷீட் ரோலின் நகல், இந்த மாதம் முதல் இந்த மாதம் வரை என் பெயரில் வெளியான பார்ட் டூ ஆர்டர்களின் நகல், என் பெயரில் வழங்கப்பட்ட பதக்கங்களின் பட்டியல், வழங்கிய தேதியோடு.

கட்டணம் 10 ரூபாய், நகலுக்குப் பக்கத்துக்கு 2 ரூபாய். 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டாலோ திருப்தியில்லை என்றாலோ 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு செய்யலாம். மத்திய அரசின் ஆன்லைன் தளத்திலேயே போடலாம்.

பேரன் தன் பெயரில் போடக் கூடாது. அடுத்தவருடைய சொந்தத் தகவல் என்று மறுத்துவிடுவார்கள். தட்டச்சு செய்வது பேரனாக இருக்கட்டும், விண்ணப்பதாரர் தாத்தாவாக இருக்கட்டும்.

எல்லா வழியும் அடைத்து, எழுத்தில் மறுப்பும் வந்துவிட்டால், சென்னையில் இருக்கும் ஆயுதப்படைத் தீர்ப்பாயக் கிளை கடைசி இடம். இறுதி மறுப்பு வந்து ஆறு மாதத்துக்குள் போக வேண்டும். அதனால் மறுப்புக் கடிதம் வந்த உறையை, தபால் முத்திரையோடு, வைத்துக்கொள்ளுங்கள்.

12. அவர் இல்லாதபோது குடும்பம் கேட்பது

கணவர் வாங்காமல் விட்ட பதக்கத்தை மனைவி கேட்கலாம். மனைவியும் இல்லையென்றால் பிள்ளைகள். மேலே சொன்ன வரிசையே போதும். கூடுதலாக இறப்புச் சான்று, குடும்பப் பென்ஷன் பி.பி.ஓ., வாரிசுச் சான்று வேண்டும். பிள்ளைகள் பலர் என்றால், ஒருவர் பெயரில் வாங்க மற்றவர்களின் சம்மதக் கடிதத்தை முதலிலேயே இணைத்துவிடுங்கள்.

மனைவியின் பெயர் ரெக்கார்டில் பதிவாகியிருக்கிறதா, எப்படிப் பதிவாகியிருக்கிறது என்று குடும்பப் பென்ஷன் பி.பி.ஓ.வில் பாருங்கள். ஊரில் எல்லோரும் கூப்பிடும் பெயர் ஒன்று, அங்கே இருப்பது ஒன்று என்றால் பார்சல் கை சேராது.

பெரியவர் உயிரோடு இருக்கும்போதே 4-ஆம் படியில் சொன்ன தாளை எழுதி வாங்கிவிடுங்கள். அவர் போன பிறகு வீட்டில் புத்தகம் இருக்கும், தேதி இருக்கும், "அந்த மூணு மாசம் எங்க இருந்தாரு?" என்ற கேள்விக்குப் பதில் சொல்ல ஆள் இருக்காது.

13. பதக்கம் வந்ததும்

பார்சலைப் பிரிக்கும்போதே உள்ளே இருக்கும் கடிதத்தைப் பதக்கத்தோடு வைத்துப் பாருங்கள். கேட்டது எல்லாம் வந்திருக்கிறதா, கிளாஸ்ப் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, விளிம்பைத் திருப்பி எண்ணையும் பெயரையும் எழுத்து எழுத்தாகப் படியுங்கள். எல்லாம் சரியென்றால், பெற்றுக்கொண்டதற்கான ரசீதில் கையெழுத்திட்டு உடனே திருப்பி அனுப்புங்கள். அது போனால்தான் அங்கே கோப்பு முடியும்.

இரண்டாம் வகைக்காரர்கள் இன்னொன்றும் செய்ய வேண்டும். புதிதாகப் பதிவான பதக்கத்தை டிஸ்சார்ஜ் புத்தகத்தில் எப்படிச் சேர்ப்பது என்று ரெக்கார்டு ஆபீஸிடம் எழுதிக் கேளுங்கள். நீங்களாகப் பேனாவால் எழுதிவிடாதீர்கள். ஒரே ஒரு வரி கையால் சேர்த்திருந்தாலும் மொத்தப் புத்தகமும் திருத்தப்பட்டதாகிவிடும்.

பெயரில் எழுத்துப் பிழை இருந்தால் பொற்கொல்லரிடம் கொண்டுபோய்த் திருத்தாதீர்கள். விளிம்பைத் தெளிவாகப் படமெடுத்து, கவரிங் லெட்டரின் எண்ணைக் குறிப்பிட்டு எழுதுங்கள். பதக்கத்தைத் திருப்பி அனுப்பும்படி எழுத்தில் கேட்ட பிறகு மட்டும், தபாலில் இன்ஷ்யூர் செய்து அனுப்புங்கள்.